மூன்று விநாடி

பென்னாகரம் ரோட்டில், உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாடை படியேறி வந்து
எங்களோடு உட்கார்ந்துகொள்ளும்.
பதினோரு கணினி, பத்து நாற்காலி.
கடைசியாக வருகிறவளுக்குத் தண்ணீர்க் கேன்.

வேலை இதுதான்:
எங்கேயோ ஒரு வகுப்பறை. சத்தம் கிடையாது.
பிள்ளைகளின் முகம் மட்டும் சதுரம் சதுரமாய் வரும்.
ஒரு முகத்துக்கு மூன்று விநாடி.
கவனம், சலிப்பு, குழப்பம், மகிழ்ச்சி,
ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும்.
நாங்கள் அமுக்க அமுக்க
ஒரு மெஷின் படித்துக்கொள்கிறதாம்.
நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடத்திலும்
கரும்பலகைக்கு மேலே அது உட்காருமாம்.
பாடம் யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று
வாத்தியார் காதில் சொல்லுமாம்.
ஏறாதவனுக்கு அதுவே மறுபடி நடத்துமாம்,
அலுக்காமல்.
நல்லதுதானே.
அறுபத்தெட்டுப் பேர் இருந்த என் வகுப்பில்
என் முகத்தை யார் பார்த்தது?

விதிப்புத்தகம் நாற்பது பக்கம்.
பக்கம் ஏழு:
உதடு விரிந்து பல் தெரிந்தால், மகிழ்ச்சி.

நான் பாப்பாரப்பட்டிப் பக்கம்.
போர்த்தண்ணி குடித்து வளர்ந்த வாய்.
பல்லெல்லாம் துருவேறிய தகரம்.
ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை
எந்தப் போட்டோவிலும் நான் வாய் திறந்ததில்லை.
மைனஸை மைனஸால் பெருக்கினால்
பிளஸ் வருவது ஏன் என்று
ஒன்பதாவதில், ஒரு புதன்கிழமை,
சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
எனக்கு விளங்கியது.
சிரிப்பு ஒன்று அடிவயிற்றிலிருந்து எழும்பி
தொண்டைவரை வந்து
உதட்டில் முட்டித் திரும்பிப் போனது.
ஏழாம் பக்கத்தின்படி
அன்றைக்கு நான் சலிப்பு.

நேற்று ஒரு பெண்.
மூன்றாம் பெஞ்ச், ஜன்னல் ஓரம்.
சதுரம் நாலாயிரத்துப் பதினேழு.
பார்வை வெளியே.
சலிப்பின் மேல் விரலை வைத்துவிட்டேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது, தோள் மெல்ல ஆடுகிறது.
ஒன்று, ரெண்டு, மூன்று. நிற்கிறது. மறுபடி ஒன்று.
மேசைக்குக் கீழே விரற்கணுவை எண்ணுகிறாள்.
கை சதுரத்துக்குள் வராது.
மனக்கணக்குப் போடுகிறவள்
கரும்பலகையையா பார்ப்பாள்?

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
“விரல் தெரியவில்லை. எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன்.”
சூப்பர்வைசர் சம்பங்கி குனிந்து படித்தார்.
“நெனைக்கிறதுக்கு இங்க பட்டன் இல்லம்மா.
அதே மொகத்த இன்னும் ரெண்டு பேரு பாக்கறாங்க.
மூணுல ரெண்டு என்ன சொல்லுதோ
அதான் உண்ம.”
சாயங்காலம் என் துல்லியம்
தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு
இறங்கியிருந்தது.
அந்த ரெண்டு பேரில் ஒருத்தி
பக்கத்து நாற்காலி தீபாராணியாக இருக்கலாம்.
கேட்கவில்லை.
அவளுக்கும் அன்றைக்கு ஆறாயிரம் முகம்.

மாதேசின் பள்ளிக்கூடத்தில் ஜூனில் மாட்டுகிறார்களாம்.
சம்மதத் தாள் வந்திருக்கிறது கையெழுத்துக்கு.
குழாயில் காவிரித் தண்ணி வந்தபிறகு பிறந்தவன்.
பல் தேங்காய்ச் சில்லு.
புரிந்தால் சிரிப்பான்.
புரியாவிட்டால் இன்னும் அகலமாகச் சிரிப்பான்.
சிரித்தால் வாத்தியார் அடுத்தவனிடம் போய்விடுவார் என்று
ரெண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டான்.
மெஷினையும் ஒரே வாரத்தில் ஏமாற்றிவிடுவான்.
அதற்கு ஏமாறக் கற்றுக்கொடுத்தது நான்,
முகத்துக்கு ஆறு பைசா.

ராத்திரி, பின்னக் கணக்கு.
“அரையில பாதி எவ்ளோடா?”
இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறான்.
ஒன்று. ரெண்டு. மூன்று.
நாலு.
கை தானாக எதையோ அமுக்கத் தேடியது.
பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.
ஒன்பதோ பத்தோ, எண்ணிக்கை விட்டுப்போச்சு,
சிரிப்பு ஓரத்தில் கழன்றது.
“தெர்லம்மா.”

கைக்கு எட்டிய தாளை இழுத்து
ஒரு வட்டம் போட்டு, நடுவே கோடு கிழித்தேன்.
அவன் பென்சிலைப் பிடுங்கி
குறுக்கே இன்னொன்று கிழித்தான்.
திருப்பினால், சம்மதத் தாள்.