நிரல் பதினேழு

சைதாப்பேட்டையில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் உண்டு. கதவில் ஒட்டிய காகிதம்
போன ஆடியிலிருந்து பழுது என்கிறது.
படிவத்துக்கு அறுபது பைசா.
படிவம் என்றால் ஓர் ஊர்.

காலையிலிருந்து நூற்றுப் பதினோரு ஊர்
என் விரல் வழியே உள்ளே போய்விட்டது.
ஆண்கள், டேப். பெண்கள், டேப்.
ஆறு வயதுக்குட்பட்டோர், டேப்.
நிரல் பதினேழு: பேருந்து வசதி.
உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு.
வேறெதை அழுத்தினாலும்
கம்ப்யூட்டர் ஒருமுறை குரைக்கும்.

பக்கத்து நாற்காலி பெனாசிர்
திரையைப் பார்க்காமலே அடிப்பாள்.
"ஊர்ப் பேரைப் படிக்காதடி, வேகம் போயிடும்."
படிக்காமல்தான் இருந்தேன்
சித்தேரிப்பட்டு வரும்வரை.

மக்கள்தொகை அறுநூற்றுப் பதினொன்று.
அதை அடித்து அறுநூற்று ஒன்பதாக்கி
ஒன்பதை அழித்து மறுபடி பதினொன்றாக்கி
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
அடியில் இருந்த ஊரின் எழுத்து
நிழலாகத் தெரிந்தது.

நிரல் பதினேழில் எண்ணே இல்லை.
பென்சிலில், கட்டம் தாண்டி வழிந்து,
கணக்கெடுத்த டீச்சரின் கை:
'காலை ஆறரைக்கு ஒரு பஸ்.
மழை பெய்தால் வராது.
ஏரி நிரம்பினால் வராது.
டிரைவர் லீவு என்றால் வராது.
மற்ற நாளில் உண்டு.'

தாளைத் திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருந்தார்.
'611 பற்றி. சசிரேகா, பிறந்து மூன்று நாளான பெண் குழந்தை,
இருவரும் கணக்கெடுத்த இரவு ஊரில் இல்லை.
ஆஸ்பத்திரியிலும் இல்லை, மாலையே பெயர் வெட்டிவிட்டார்கள்.
எங்கள் பஸ் விடிந்தால்தான் என்பதால்
டவுன் பஸ் ஸ்டாண்டில், பழக்கடைக்குப் பின்னால், இருந்தார்கள்.
அங்கே யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.
எங்கள் ஊரில் சேர்த்திருக்கிறேன்.
தவறென்றால் மேலிடம் திருத்தவும்.
தெ. குணசுந்தரி, இடைநிலை ஆசிரியை.'

மேலிடம் என்று அவர் எழுதியது
என்னைத்தான் என்று புரிய
கொஞ்ச நேரம் ஆனது.

மார்ட்டின் சாரிடம் கேட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ஒரு பஸ் வந்தாலும் பஸ்தாம்மா. ஒண்ணு போடு."
ஒன்று போட்டால், அதான் இருக்கிறதே என்பார்கள்.
இரண்டு போட்டால், இல்லாத பஸ்ஸுக்கு
டீசல் எதற்கு என்று கேட்க ஒருவர் வருவார்.
பின்பக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.
அறுநூற்றுப் பதினொன்று, டேப்.

பதினேழில் மூன்று அழுத்திப் பார்த்தேன்.
குரைத்தது.
பெனாசிர் தலையைத் தூக்கினாள்.
ஒன்று அழுத்தினேன்.

சாயங்காலம் ஸ்டாப்பில் நாலு பஸ் நிற்காமல் போயின.
ஐந்தாவதில் ஒரு கால் வைக்க இடம்.
வேளச்சேரி ரோட்டில் அங்குலம் அங்குலமாக.
பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த சீட்டு
முன்னாலிருந்து ஏழு கை மாறி என்னிடம் வந்தது.
ஸ்டேஜ் மூட வேண்டும் என்று கண்டக்டர்
நெரிசலுக்கு நடுவே கழுத்தை நீட்டி
ஆள்காட்டி விரலால் தலை தலையாகக் குத்தி வந்தார்.
என்னைத் தாண்டி, நின்று, திரும்பி வந்து
என்னையும் எண்ணினார்.

விஜயநகர் திரும்பும்போது மழை.
சித்தேரிப்பட்டு எந்தத் திசை,
அந்த ஏரி எவ்வளவு கொள்ளும்,
மாவட்டம்கூட நான் பார்க்கவில்லை.
அது வேறொருத்தி அடிக்கிற நிரல்.

"ஷட்டரை இறக்குங்க, நனையுது" என்றார்கள்.
இறக்கினேன்.
பாதியில் சிக்கிக்கொண்டது.