முள் எந்தப் பக்கம்

நெய்யூர், எட்டாம் வார்டு.
ஒசாகா கப்பல்பட்டறையிலிருந்து மகன் அனுப்பிய காலண்டர்
குளுக்கோஸ் கம்பியில் தொங்குகிறது.
மார்ச் முடிந்தும் தாளைக் கிழிக்க விடவில்லை
இரயுமன்துறை சிலுவைப்பிள்ளை.

இரண்டு மலைகளுக்குப் பின்னால்
இடுப்பு தெரிய எழும்பி நிற்கிறார்
பொன் பூசிய புத்தர்.
"ஆளு மலைக்கு அந்தப் பக்கம்.
அப்பம் நாம கெடக்கது கடலு" என்றார்.
சாமியார் தொட்டுவிட்டுப் போன எண்ணெய்
நெற்றியில் காயவில்லை.

மகன் போனில் சொன்னதை
நான் சொல்லியிருக்கக் கூடாது:
சாகக் கிடப்பவர் அருகே இந்தப் படத்தை நிறுத்தி
புத்தரின் விரலில் ஐந்து நிற நூல் கட்டி
மறுநுனியை
அவர் கையில் கொடுப்பார்களாம், அந்தக் காலத்தில்.

நாற்பது வருஷம் சுறாவுக்குத் தூண்டில் போட்டவர்
ஒரு பாட்டில் இறங்கித் தீரும்வரை யோசித்தார்.
"கயிறுன்னா ரெண்டு நுனி உண்டும் மக்ளே.
இதுல முள்ளு
எந்தப் பக்கமாக்கும்?"

எனக்குத் தெரியவில்லை.
காய்ச்சல் எழுதிக்கொண்டு விளக்கணைத்தேன்.

நாலரைக்குப் போனபோது
டிரிப் குழாயைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி
படத்தைப் பார்த்தபடி இருந்தார்.
ரத்தம் ஏறிவிடும் என்று விரலைப் பிரிக்கக் குனிந்தேன்.

"அனங்காத.
இப்பம் ஒண்ணு
தொட்டுப் பாக்குது."