நான்காவது மாடிக்குச் சற்றுக் கீழே

சுகுமியை விட்டு ஓடிய இரவு
தையல் மெஷினை எடு என்றாள் அம்மா.
அப்பா எடுத்துவந்தது
சுவரில் மாட்டும் காற்றழுத்தமானி.
அவர் சாகும்வரை, பதினோரு வருஷம்,
அந்தச் சண்டை முடியவில்லை.

எங்களுக்குக் கொடுத்த இடம்
ஸ்கால்துபோவில் ஒரு சானடோரியம்.
ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள்
மூட்டுவலிக்கு வெந்நீரில் ஊறிய கட்டடம்.
அறை எண் 214.
நடுவே ஆஸ்பத்திரித் திரைச்சீலை.
சன்னல் பக்கம் அம்மா, கதவுப் பக்கம் அப்பா.
தம்பி கோச்சா எந்தப் பக்கம் தூங்கினானோ
அன்றைக்கு அந்தப் பக்கம் ஜெயித்ததாக அர்த்தம்.

நான் தபால்காரி.
"உப்பு தீர்ந்துவிட்டதென்று உன் அப்பாவிடம் சொல்."
மூன்றடி தள்ளி அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.
"உப்பு தீர்ந்துவிட்டதாம்."
"கடன் சொல்லி வாங்கச் சொல்."
"கடன் சொல்லி வாங்கணுமாம்."
எனக்கென்று ஒரு வாக்கியம் இருந்ததில்லை.
அந்த 'ஆம்' விகுதிக்குள்தான்
உயரம் வளர்ந்தேன், பல் விழுந்து முளைத்தது.

காலையில் அப்பா நகத்தால் கண்ணாடியைத் தட்டுவார்.
முள் நடுங்கும்.
"கடலில் காற்று மாறுகிறது."
எந்தக் கடல் என்று அம்மா
திரைச்சீலையிடம் கேட்பாள்.

வளைந்த படிக்கட்டுக்குப் பின்னால் லிப்ட்.
மின்சாரம் போன ஏதோ ஒரு நாளில்
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
நின்றது நின்றதுதான்.
ஒல்லிப்பிள்ளை, இடுக்கு வழியே ஏறிவிடுவேன்.
உள்ளே ரசம் போன கண்ணாடி, மடக்கு இருக்கை,
ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாதென்று ஒரு தகடு.
கத்தூனா, கத்தூனா என்று
ஒரு குரல் மேலே தேடும்
ஒரு குரல் கீழே தேடும்.
நான் எந்த மாடியிலும் இல்லை.
இதோ இருக்கிறேன் என்றால்
பொய்யாகிவிடும்.

இப்போது திபிலிசியில்
ஒன்பதாவது மாடியில் வீடு.
மின்கட்டண ரசீதில் என் பெயர் மட்டும்.
முதல் வாரம் பொட்டுத் தூக்கமில்லை.
பக்கத்தில் இரண்டு பேர்
ஒருவரோடொருவர் பேசாமலிருக்கும் சத்தம்
கேட்காமல் எப்படித் தூங்குவது?

இங்கே லிப்டுக்குக் காசு போட வேண்டும்.
சில ராத்திரி சில்லறையை அள்ளிக்கொண்டு
ஏறி, இறங்கி, ஏறி.
ஐந்தாவது மாடிக்காரர் ஒருமுறை கேட்டார்:
"யாரையாவது பார்க்க வந்தீர்களா?"

நேற்று கோச்சா கூப்பிட்டான்.
சானடோரியத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம்,
வசந்தத்துக்குள் காலி செய்யணுமாம்.
அம்மா இன்னும்
திரைச்சீலையைக் கழற்ற விடவில்லையாம்.
(இவனுக்கும் தொற்றிக்கொண்டது.)
விடிந்ததும் அந்தப் பக்கம் போய்
நகத்தால் தட்டுகிறாளாம்.
"உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள்."
"என்ன?"
"கடலில் காற்று மாறுகிறதாம்."

லிப்டில் நின்றேன்.
இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?
காசு கைக்குள்ளேயே வியர்த்தது.
போடவில்லை.
கதவு தானாக மூடிக்கொண்டது.