ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு செக்போஸ்ட்

புதுசாக நான்கு மேப், ஆறு துப்பாக்கி,
ஒரு பனிச்சறுக்கு வண்டி.
கோபாலபுரத்தில், பனிச்சறுக்கு வண்டி.
வெள்ளி இரவு இறங்கத் தொடங்கி
சனி மதியம் வரை இறங்கியது.
விளையாடிப் பார்த்த நாலு பேருக்கும்
ஞாயிறு விடிவதற்குள் அஞ்சு கருத்து.

வண்ணாமடை பிஜோய்
சவுண்டு கொள்ளாம் என்றான்.
தகரக் கூரைமேல் ஒருத்தன் நடந்தால்
எந்தக் கால் நொண்டி என்பதுவரை கேட்கிறதாம்.

கொழிஞ்சாம்பாறை லூர்துமேரிக்கு
அந்த நீளத் துப்பாக்கி ஆகவே ஆகாது.
"மூணு வருசமாப் பழகின குறி எனக்கு.
நேத்து காசு கட்டினவன்
கண்ணை மூடிட்டுச் சுட்டாலும் படுதே."
சபியுல்லா வாயே திறக்கவில்லை.
அவளைச் சுட்டது அவன்தான்.

எனக்குச் சொல்ல இருப்பது
மூன்றாவது மேப்பைப் பற்றி மட்டும்.
அதன் பெயர் எல்லை.
ஒரு தடுப்புக் கம்பம், ஒரு கூண்டு,
மணல் மூட்டை, வரிசையாகப் பன்னிரண்டு லாரி.
பகலெல்லாம் முட்டை லோடுக்குப் பில் போடும் மேசையிலிருந்து
கழுத்தைத் திருப்பினால் எனக்குத் தெரிவதும் அதுதான்.
இதற்கா காசு கட்டினேன்?

செய்தவர்கள் ஒரு செக்போஸ்ட்டிலும்
கால் மணி நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.
பன்னிரண்டு லாரி நிற்கிறது,
ஒரு டிரைவர்கூட வேலமரத்துப் பக்கம் ஒதுங்கவில்லை.
டயருக்கு மருந்தடிக்கிற ஆள் இல்லை.
இளநீர்க் குலைமேல் குப்புறத் தூங்கும் கிளீனர் இல்லை.
ஒரே பேப்பரை நாலுதரம் திருப்பிப் பார்த்து
நாலாவது தரம் சிரிக்கிறவர் இல்லை.
கம்பம் தானாகவே தூக்கிக்கொள்கிறது.
எங்கள் கம்பத்தின் அடி முனையில்
பாரத்துக்குக் கட்டியிருக்கும் உடைந்த ஆட்டுக்கல்லை
யாராவது அவர்களுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கலாம்.

ஆனாலும்
கூண்டுக்கு மேலே அந்த மஞ்சள் விளக்கு,
அதில் மோதி மோதி விழும் ஈசல்.
அதை மட்டும் எப்படிப் பிடித்தார்கள்?
அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.
பின்னாலிருந்து எவனோ சுட்டான்.

நாட்ராயன் வாங்கவில்லை.
தேங்காய்மட்டை மில்லில் வாரக்கூலி,
தங்கச்சிக்கு நர்சிங் பீஸ்.
"பழசே போதும்ங்க,
எனக்கு அதுல சந்துபொந்தெல்லாம் அத்துப்படி" என்றான்.
நாங்கள் கூப்பிட்டபோது திரையில் ஒரு வரி வந்தது:
இந்த ஆட்டக்காரருக்கு அனுமதி இல்லை.

எல்லை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.
பிஜோய்க்கு முடிவெட்டு இந்தப் பக்கம்,
எனக்கு மத்தி மீன் அந்தப் பக்கம்.
என் போன் கட்டிலில் இருந்தால் தமிழ்நாடு,
குளியலறைக்குள் போனால்
கேரளம் வரவேற்கிறது என்று செய்தி அனுப்பும்.
கம்பத்தைப் பார்த்து நாங்கள் யாரும் நின்றதில்லை.
நாட்ராயன் நின்றான்,
தன் வீட்டில் உட்கார்ந்தபடி.

புதன்கிழமை பழைய துறைமுக மேப்புக்கே திரும்பினோம்.
ஆட்டக்காரர்களைத் தேடுகிறது, ஆட்டக்காரர்களைத் தேடுகிறது.
பதினோரு நிமிடம்.
ஊரே புதுசுக்குக் குடி போய்விட்டது.
சரி என்று தனி அறை திறந்து
எதிரியே இல்லாத துறைமுகத்தில்
அஞ்சு பேரும் எண்ணெய் டிரம்மைச் சுட்டுக்கொண்டு அலைந்தோம்.
மூன்றாவது கிரேனுக்குப் பின்னால்
ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து.
"இது தெரியுமாங்க?" என்றான் நாட்ராயன்.
மூன்று வருடம். யாருக்கும் தெரியவில்லை.
லூர்துமேரி மட்டும் சபியுல்லாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டு
அதற்குள் போய் வந்தாள், இரண்டு தரம்.

அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் என்று
கம்பெனி கேட்டுக்கொண்டே இருக்கிறது.
லூர்துமேரி ஒன்று. பிஜோய் நாலு.
நான் சவுண்டுக்கு ஒன்று, ஈசலுக்கு ஒன்று என்று
விரலை வைத்தேன்,
வெளியே நாமக்கல் வண்டி ஹாரன் அடித்தது.
பில் போட எழுந்தேன்.