பூட்டுப் படம்

கல்மண்டபம் மார்க்கெட்டில்
செவுளைத் தூக்கிப் பார்க்காமல்
ஒரு சங்கராவுக்கும் காசு நீட்டியதில்லை
சவரிநாதன் சார்.

நேற்று மதியம் ஒரு மெயில்:
உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, உள்ளே வாருங்கள்.
அதே நீலம், அதே இரண்டு கட்டம்,
மூலையில் பூட்டுப் படம்கூட.
முகவரியில் மட்டும்
எங்கள் கம்பெனிப் பெயருக்கு ஓர் எழுத்து கூடுதல்.
டீ ஆறுவதற்குள்
கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்.

வழியில் எவனும் எட்டிப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான் பூட்டு சொல்லும்.
வீடு யாருடையது, அது சொல்லாது.

இரவு பதினொன்றேகால்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
நின்ற இடத்திலேயே உறுமுகின்றன.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கன்ட்ரோல் பேனலிலிருந்து
எல்லோரையும் வெளியேற்றுகிறேன்:
என்னை,
திருவொற்றியூர் கிடங்கில் டெல்பினை,
வாயில் நுழையாத ஊரிலிருந்து யாரோ ஒருவனை.

அவன் சத்தமில்லாமல்
ஒரே ஒரு விதி எழுதி வைத்திருந்தான்:
பில் என்று வருவதெல்லாம்
எனக்கும் ஒரு நகல்.
அழித்தேன்.
எழுத்துப் பிழை இல்லாத விதி.

புதுச் சொல் கேட்டு சார் கூப்பிடுகிறார்.
போனில் சொல்ல மாட்டேன் சார்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"ஏம்மா, நான்தாம்மா பேசறேன்."

அவனும்
அப்படித்தான் சார் உள்ளே வந்தான்.