பின்சீற்றில் முப்பது நாம்பன்கள்

புளியங்கூடலில் ஒரு நாகு கத்துது என்று
விடிய நாலரைக்குப் போன்.
எப்ப துடங்கினது என்று கேட்டேன்.
"நேற்றுப் பின்னேரம், மிஸ். இரவு ஒருத்தரும் நித்திரையில்லை."

பண்ணைப் பாலத்தின் நடுவில் என் பழைய நூறு சீசீ
இரண்டுதரம் இருமிவிட்டு நின்றது.
பிளக்கைக் கழற்றித் துடைத்து
உதைத்தேன், உதைத்தேன்,
சோளகக் காற்று ஹெல்மெற்றுக்குள் ஊதியது.
போய்ச் சேர நாகு வைக்கோல் தின்றுகொண்டு நின்றது,
இரவு கத்தியது வேறு யாரோ என்பதுபோல.
இனி இருபத்தொரு நாள்.
வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி தந்தார்.
அந்தத் தேத்தண்ணிதான் விழுங்கக் கடினமாயிருந்தது.

கையிலிருந்த காசுக்கு இரண்டு அகப்பட்டன, இரண்டும் பாவித்தவை.

கொக்குவிலில் நீலம், இருநூற்றைம்பது.
கூர் மூஞ்சி, வால் தூக்கிய பின்சீற்.
யூட் ரெக்சன், நாலு மாத லீசிங் பாக்கி,
என்னை மேலும் கீழும் பார்த்தான்:
"அக்கா, ஸ்கூட்டியெண்டால் மச்சாளிட்டை ஒண்டு நிக்குது.
இதுக்குப் பின்னால ஆர் இருப்பினம்?"
"முப்பது நாம்பன்" என்றேன்.
சிரித்தான்.
கலனின் மூடியைத் திறந்து காட்டினேன்.
வெள்ளைப் புகை வழிந்து அவன் செருப்பை மூடியது.
உள்ளே குச்சி குச்சியாய் உறைந்த ஜேர்சி, சாகிவால்.
பிறகு அவன் சிரிக்கவில்லை.

கல்லுண்டாய் வெளியில் ஓடிப் பார்த்தேன்.
நினைக்க முதல் எண்பதில் நின்றது முள்.
ஆனால் பிரேக் பிடித்தபோதெல்லாம்
முப்பது நாம்பனும் சறுக்கி வந்து
என் முதுகில் முட்டின.

மானிப்பாயில் கறுப்பு, முந்நூற்றைம்பது.
அகலச் சீற், பலகைபோலத் தட்டை.
ஸ்ராட் பண்ணினால்
புகையிலைத் தோட்டத்து இறைப்பு மிசினின் சத்தம்.
அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.
வைகுந்தவாசன் கதைக்கும்போதும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"மழையில ஒருநாளும் எடுக்கேல்லை, தங்கச்சி."
எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது.

பாலத்துக் காற்று அதை அசைக்கவில்லை.
கலனும் அசையவில்லை.
நிறுத்தினால் மட்டும் என் பெருவிரல் தரையைத் தேடியது.
"ஒருக்கா விழுத்தித் தூக்கிப் பாக்கட்டோ?" என்றேன்.
மனிசன் துணியோடு நெஞ்சைப் பிடித்தார்.
"விழுத்தவோ?"
"ஓம். வேலணை மணலில எப்பிடியும் ஒருநாள் விழும்தானே."
திறப்பை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

திரும்பவும் கொக்குவில்.
"விழுத்துங்கோ அக்கா,
இது ஏற்கனவே ரெண்டுதரம் விழுந்து படிச்சது."
முற்றத்தில் நீலத்தைச் சரித்துப் படுக்க வைத்தேன்.
அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி,
ஹாண்டிலை ஒரு கையிலும் பின் கம்பியை மறு கையிலும் பிடித்து,
காலால் எழும்பினேன்.
அது என்னோடு எழும்பியது.
ரெக்சன் உதவிக்கு வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கறுப்புத்தான் உத்தியோகத்தருக்கு அழகு என்றார்கள் கந்தோரில்.
இருக்கலாம்.
சுதுமலையில் ஒரு வெல்டிங்காரன்
சாய்ந்த சீற்றுக்கு மேலே நேரான இரும்புத் தட்டு அடித்தான்.
பெரிய வடிவில்லை. ஒட்டகம்போல நிற்கிறது.
இறைப்பு மிசின் ஓடும் தோட்டத்தைக் கடக்கிற நேரம்
இப்பவும் ஒருக்காத் திரும்பித்தான் பார்க்கிறேன்.

இருபத்தொராம் நாள், அதே புளியங்கூடல்.
போன் வைத்து நாற்பது நிமிசத்தில் படலையடியில் நின்றேன்.
வீட்டுக்காரர் வாயில் பற்பசை நுரை.
நாகு கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.
அதற்கு மணிக்கூட்டைக் காட்டினேன்.

வேலை முடிந்து கலனைக் கட்டி ஏறியிருந்து
வலக்காலைத் தூக்கி ஓங்கி உதைத்தேன்,
இல்லாத உதைகட்டையை.
மாட்டுக்கொட்டிலில் யாரோ ஒரு சின்னப்பிள்ளை
விழுந்து விழுந்து சிரித்தது.