கீழ்த்தளம் இரண்டு

ஐம்பத்தொரு நாளாய் அதே இடத்தில்
வெள்ளை அம்பாசடர்.
தூசிக் கண்ணாடியில் யாரோ 'கழுவவும்' என்று எழுத,
அடியில் வேறு யாரோ
'யார்?' என்று கேட்டிருக்கிறார்கள்.

கட்டணம் ஐயாயிரத்து நூறு.
நள்ளிரவு தோறும் கணினி இன்னொரு நூறு ஏற்றும்;
அதற்கும் தூக்கமில்லை.

மேலே கல்லுக்கட்டியில் இனி பேட்டரி ஆட்டோ மட்டும்.
சிக்னலுக்காகச் சரிவேறி நின்று
பதிவில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
"எனக்கு எட்டில் ஒரு பங்குதான்," என்றார்
பினாங்கிலிருந்து ஒருவர்.
"சாவி அடைக்கப்பனிடம். அவர் எங்களோடு பேசுவதில்லை."

அடைக்கப்பன் எடுத்தார்.
காரை விட்டு வீட்டுக்குப் போய்,
ஒவ்வொரு உத்திரமாய் எண்ணி,
என்னையும் பங்காளி என்றே நினைத்துத் திட்டினார்
அரைமணி நேரம்.
கடைசியில் நானும் பதில் சொன்னேன்.

நேற்று மழை. சரிவில் தண்ணீர் இறங்கியது.
தள்ளிப் பார்த்தோம், கூட்டுகிற பொன்னழகும் நானும்.
ஹேண்ட் பிரேக்.
மணல்மூட்டை சுமந்து நாலு பக்கமும் அணைத்தோம்.
"இம்புட்டுக்கு நமக்கும் ஒரு பங்கு வரணும்ல" என்றாள்.

விடியலில் தரை ஈரம், வண்டி காய்ந்தபடி.
'யார்?' என்பதற்குக் கீழே
புதிதாய் ஒரு விரலெழுத்து:
பென்னழகு.
துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது.